காய்ச்சி வடித்தது

செத்த ஃபிரிட்ஜின் முதுகிலிருந்து அறுத்த செம்புக் குழாய்,
காயலான் கடையில் எடைக்கு வாங்கியது.
பாத்துமுத்து லாத்தாவிடம் இரவல்
ஐந்து லிட்டர் குக்கர்.
வெயிட்டைக் கழற்றிக் குழாயைச் செருகி
மைதாப் பசை அப்பினேன்.
மீன் ஏலக் கூடத்தில் பத்து ரூபாய்க்கு ஐஸ்.

முத்துப்பேட்டை போர்த் தண்ணீர்
மீட்டரில் ஆயிரத்து எண்ணூறு.
சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.
கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும்
என் கம்ப்யூட்டரின் நரம்புகளில்
அதையா ஓடவிடுவது?

முதல் டம்ளரில் சாம்பார் வாசம்.
கொட்டினேன்.
இரண்டாவதில் மைதா.
மூன்றாவது
சொட்டு
சொட்டாக
நிறைந்தபோது இரவு ஒன்றரை. மீட்டர்: மூன்று.

கேஸ், ஐஸ், எல்லாம் கூட்டிப் பார்த்தால்
பேட்டரிக் கடைத் தண்ணீரைவிட
லிட்டருக்குப் பதினோரு ரூபாய் அதிகம்.
யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தாறுக்கு
இறங்கிவிட்டது சூடு.
திரையில் ஒரு மணப்பெண்
திக்காமல் கையசைக்கிறாள்.

குக்கரைத் திருப்பிக் கொடுத்தேன்.
தேய்த்தும் போகாத வெள்ளையை
நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்து,
“இவ்வளவு உப்பா? என்னத்தடா அவிச்சே,
கடலையா?” என்றார் லாத்தா.

ஆமாம் என்றேன்.