கடைசி வரிக்குப் பிறகு

கடைசி வரிவரை சொல்லிவிட்டான் ஆன்டே.
வீடு, ஆப்பிள், சதுரம், வட்டம்.
கொசு அளவுப் படங்கள்.
முன்பல் இரண்டும் விழுந்த வாயில்
ஒன்றுகூடப் பிசகவில்லை.

சென்ற ஆண்டும் இப்படித்தான் சொன்னான்.
இதே நாற்காலியில் உட்கார்ந்து
'பார்வை நன்று' என்று எழுதி
அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டது
நான்தான்.

இந்த முறை என் கையில் வேறு தாள்.
பதினான்கு கேள்விகள்.
பதில் அவனிடம் இல்லை, அவன் அம்மாவிடம்.
மீன் ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் ராக்ன்ஹில்,
சட்டைக் கையில் ஒரு செதில்
மினுங்குவது தெரியாமல்.

வெளியே காலை பத்து மணியின் இருட்டு.
நவம்பரில் ஹாம்மர்ஃபெஸ்டை விட்டுப் போன சூரியன்
ஜனவரி பாதியாகியும் திரும்பவில்லை.
இதை நான் உவமையாக்கப் போவதில்லை.
இது எல்லாருக்குமான இருட்டு,
விளக்குப் போட்டால் தீர்ந்துவிடும்.

படி இறங்கும்போது தயங்குவானா?
"காலால் தடவித்தான் இறங்குவான்.
பயந்தாங்கொள்ளி என்கிறார்கள் வகுப்பில்."

தரையின் நிறம் மாறினால்?
"கறுப்பாக எது கிடந்தாலும் தாண்டிக் குதிப்பான்.
குழி என்று நினைக்கிறானோ என்னவோ."

பெட்டியில் பொம்மை தேடுவானா?
"தேடமாட்டான்.
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுவான்."

கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிப்பானா?

இதற்கு மட்டும் அவள்
உடனே வாய் திறக்கவில்லை.
மடியில் கிடந்த மஞ்சள் தொப்பியைத்
திருப்பித் திருப்பி வைத்தாள்.

"கோடையிலும் இதைத்தான் போடுகிறேன்.
ஒரு நாள் மறந்துவிட்டேன்.
பள்ளி வாசலில் இரண்டடி தள்ளி நிற்கிறேன்,
அம்மா அம்மா என்று அழுதபடி
என்னைத் தாண்டிப் போகிறான்."

பிறகு, குற்றமாக அல்ல,
கணக்குக் கேட்பதுபோல்:
"இதுவரை நீங்கள் எல்லாரும்
கண்ணைப் பற்றி மட்டும்தானே கேட்டீர்கள்?"

ஆமாம்.
கண்ணில் குறை இல்லை, ராக்ன்ஹில்.
இருபத்தொன்பதாம் வாரத்தில் அவசரமாக வந்த பிள்ளை.
கண் அனுப்புவதைப் பிரித்து அடுக்கும் இடத்தில்,
தலைக்குள்ளே, எங்கோ சில இழைகள்
என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
நான் மருத்துவர் இல்லை.
இந்தத் தாள் ஒரு சல்லடை, அவ்வளவுதான்.
இதில் தங்கியதை
டிராம்ஸோ மருத்துவமனைக்கு அனுப்புவேன்.
அங்கே வரிசை நீளம்.

மேசையில் கட்டைகள், புத்தகங்கள்,
என் காப்பிக் கோப்பை, கத்தரிக்கோல்.
நடுவில் ஒரு சிவப்புக் கார்.
"காரை எடு ஆன்டே."
அவன் கண் மேசை முழுக்க ஓடி
என் முகத்துக்கு வந்து நின்றது,
தப்பு செய்தவனின் கண்ணாக.

ஒவ்வொன்றாக எடுத்தேன்.
கட்டைகளை, புத்தகங்களை, கோப்பையை.
பூப்போட்ட விரிப்பையும் உருவினேன்.
வெறும் மரம். மேலே கார்.

சட்டென்று கை நீட்டி எடுத்துக்கொண்டான்.
"இது இப்போதுதான் வந்ததா?"

ராக்ன்ஹில் தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

'கவனம் போதாது, பிடிவாதம் அதிகம்'
என்று வகுப்பாசிரியர் தூர்கெய்ர்
டிசம்பரில் எழுதிய குறிப்பு கோப்பில் இருக்கிறது.
அதற்கு மேலே என்னுடைய 'நன்று'.
இரண்டையும் அடிக்கவில்லை.
அடியில் தேதி போட்டு எழுதினேன்:
அவன் அங்கி மாட்டும் கொக்கி
இருபத்திரண்டு அங்கிகளின் நடுவே வேண்டாம்,
சுவரோரம், கடைசியில், தனியாக.
இன்று எழுத முடிந்தது இவ்வளவு.

போகிறார்கள்.
மஞ்சள் தொப்பி முன்னால்,
இரண்டடி பின்னால் அவன்.
வாசலில் பனி உதற விரித்த கறுப்புப் பாய்.
நின்றான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
தாண்டிக் குதித்தான்.

ஒரு வருடமாக
இதே கண்ணாடிக் கதவு வழியாக
இந்தக் குதியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்,
துள்ளுகிற பிள்ளை என்று.

பாயைச் சுருட்டுகிறேன்.
வழுக்கும், வழுக்கும் என்று கத்திக்கொண்டே வருகிறார்
பராமரிப்பாளர் ஓட்வார்.
தரையின் சாம்பல் நிறத்திலேயே
வேறு பாய் இருக்கிறதா
என்று கேட்கிறேன்.