பத்து வரை எண்ணுதல்

மினுங்கினால் தேடுது,
மினுங்காமல் எரிந்தால் கண்டுபிடித்துவிட்டுது.
கடைக்கார றிஸ்மி சொல்லித்தந்த இலக்கணம் இவ்வளவுதான்.
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், பாவித்த ஹெட்போன்,
காதுப் பஞ்சில் ஒரு கிழிசல்,
பெட்டி இல்லை, வயர் இல்லை, பில்லும் இல்லை.

சீனக்குடா மாவாலையில்
பன்னிரண்டு மணித்தியாலம் சல்லடைகளோடு நிற்பவளுக்கு
வீடு வந்த பிறகும் தலைக்குள் அரைபடும்.
அதை மூடத்தான் வாங்கினேன்,
பாட்டுக்குக்கூட இல்லை.

நீல விளக்கு மினுங்காமல் எரிகிறது.
என் போன் சொல்கிறது: இணைக்க முடியவில்லை.

அணைத்தேன், போட்டேன்.
போனையும் அணைத்தேன், போட்டேன்.
முழுக்கச் சார்ஜ் ஏற்றினேன்,
முழுக்க இறங்கவும் விட்டேன்.
கிணற்றடியில் சிக்னல் நல்லம் என்று
அங்கேயும் போய் நின்றேன்,
அது வேறு சிக்னல் என்று தெரிந்தும்.

'இந்தச் சாதனத்தை மறக்கவா?' என்றது போன்.
ஓம் என்றேன்.
உடனே மறந்தது,
மனிசர் மாதிரி இழுத்தடிக்காமல்.
திருப்பித் தேடினால் பட்டியலில்
யாருடையவோ டிவி, யாருடையவோ கைக்கடிகாரம்,
'குகப்பிரியன்' என்று ஒரு போன்.
என்னுடையது மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை அன்புவழிபுரத்தில் பஸ் ஏறி
மூன்றாம் குறுக்குத்தெருவுக்குக் கொண்டுபோனேன்.
றிஸ்மி ஜும்மாவுக்குப் போயிருந்தான்.
கடைவாசலில் ஒரு புள்ளிமான்
கச்சான் சுற்றிய பேப்பரைத் தின்றுகொண்டு நின்றது.
நானும் அதுவும் முக்கால் மணித்தியாலம் நின்றோம்.
வந்தான். கையில் எடுத்தான்.
ஒரே தட்டில் சேர்ந்துவிட்டது.
"பாருங்கோ அக்கா, ஒண்டும் இல்லையே."
டாக்டரின் கதிரையில் ஏறியதும்
பல்லுக்குத்து மறைவதுபோல.

வீட்டுக்கு வந்தால் பழையபடி.

பத்தரை மணிக்கு,
வெறும் காதுமூடியாவது ஆகட்டும் என்று
மாட்டிக்கொண்டு படுத்தேன்.
ஒரு பெண்குரல்.
ஹானா.
பிள்ளைக்குச் சோறு தீத்துகிற பொறுமையோடு
தூல். செத். நெத்.

ஒரு காதைத் தூக்கினேன்.
ஒற்றைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம்
போனைத் தொடையில் தட்டுகிற சத்தம்.
"அம்மா, வீடியோ ஓடுது, சத்தம்தான் வரேல்ல.
ஸ்பீக்கர் போட்டுது போல."
"படு குகா, விடிய பாப்பம்."

கொரியாப் பரீட்சைக் காசுக்கு
ஹெட்போனை விற்றிருக்கிறான்.
அவன் விற்றது அவன் போனுக்குத் தெரியாது.
நாலு நாளாய் அவனும்
அணைத்து அணைத்துப் போட்டிருப்பான்.

உடனே கழற்றியிருக்கலாம்.
கழற்றவில்லை.
தாசொத், யொசொத் என்று
அவளோடு நானும் உதடசைத்தேன்.
ஆறில் நிறுத்தி
அவள் திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள்.
தலைக்குள் சல்லடை
எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

பிறகு பொத்தானை அமத்திப் பிடித்தேன்.
பத்துச் செக்கன், விடக்கூடாது, றிஸ்மி சொன்னது,
சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும்வரை.
ஹானா, தூல், செத், நெத், தாசொத், யொசொத்,
ஏழு தெரியாது,
எட்டும் ஒன்பதும் பத்தும் தமிழில்.

அந்தப் பக்கம்,
ஒழுங்கை நாயெல்லாம் எழும்பும்படி,
முழுச் சத்தத்தில் அவள் சொன்னாள்:
இல்கொப்.