பின்னணி எண்ணிக்கை

திங்கள் விடியலில் பசு வரும்.
மும்பையிலிருந்து திருவனந்தபுரம் வரை விமானம்,
பிறகு களியக்காவிளை, மார்த்தாண்டம் மேம்பாலம்,
வெட்டூர்ணிமடத்தில் டிரைவரின் ஒரு டீ,
ஈயச் சட்டை கழற்றாமல்
எங்கள் ஆஸ்பத்திரிப் பின்வாசல்.
பசு என்றுதான் சொல்வோம்.
தினமும் காலையில் கறக்கிறோம்,
சிறு குப்பியில் தண்ணீர்போல டெக்னீசியம்.
வெள்ளிக்குள் மடி வற்றிவிடும்.

கறந்ததை அல்புமின் பொடியில் விட்டு
நுரைக்காமல் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி
இருபது நிமிஷம் காத்தால்
துகளுக்கு ஒரு விளக்கு.
துகள் என்றால்
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஆயிரம் நிற்கலாம்.

புதன்கிழமை டெல்பின் வந்தாள், சின்னவிளையிலிருந்து.
ஏலம் முடித்து நேராக வந்திருக்க வேண்டும்,
புடவை ஓரம் ஈரம்.
இடது மார்பில் கட்டி, இரண்டு சென்டிமீட்டர்.
மறுநாள் ஆபரேஷன்.
கட்டியிலிருந்து கக்கத்துக்குப் போகும் வழியில்
முதல் கணு எது,
அதை நான் காட்ட வேண்டும்.

"மருந்து எப்பிடி சரியா அங்க போயி நிக்கும்?"

துகள் ரொம்பச் சின்னதென்றால் கணுவைத் தாண்டிவிடும்,
பெரிதென்றால் ஊசி போட்ட இடத்திலேயே கிடக்கும் என்று
நான் முடிப்பதற்குள்,
"சாள வலைக்க கண்ணி.
பொடிசு நழுவிப் போவும், பெருசு முட்டித் திரும்பும்.
கணக்கான மீனுக்குத்தான் செவுள் மாட்டும்."

வகுப்பில் எனக்கு இதற்கு
மூன்று படமும் ஒரு சமன்பாடும் போட்டார்கள்.

நாற்பது நிமிஷம் திரையில் ஒன்றுமில்லை.
அவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.
பிறகு ஓர் உளுந்தளவு புள்ளி.
அதன் பின்னால் மங்கலாக இன்னொன்று.
கக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன்.
"குளிச்சா போயிருமா?"
போகாது. விளக்குதான் போய்விடும்,
ஆறு மணி நேரத்துக்குப் பாதி பாதியாக.

சீட்டு கொடுத்தேன்:
இன்று ஒருநாள் குழந்தையை நெஞ்சோடு அணைக்க வேண்டாம்.
வாங்கி வாசித்தாள். சிரித்தாள்.
"எனக்க கொச்சு
பொழுதுக்கும் கறுத்த மணல்லதான் உருளுது.
அதுக்கு ஆரு சீட்டு எழுதுவா?"

வாசலில் நின்ற கிளீட்டஸ்
"வா பிள்ளே, பஸ் போயிரும்" என்றான்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அந்த மணலுக்கும் இந்தக் கட்டிக்கும்
கோடு இழுக்க எனக்குத் தெரியாது.
இழுக்காமல் இருக்கவும் தெரியவில்லை.

சாயங்காலம் அளவுமானியோடு அறையைச் சுற்றினேன்.
அவள் செருப்பு கழற்றிய மூலையில்
டிக், டிக்டிக், டிக்டிக்டிக்.
கை தவறிச் சிந்தியிருப்பேன் என்று
கையுறை மாட்டி, சுற்றி டேப் ஒட்டி,
விதிப்படி காத்திருந்தேன்.
விடிந்தால் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே
வந்திருக்க வேண்டும்.

விடிந்தது.
அதே எண்.

குனிந்து பார்த்தேன்.
இரண்டு சிட்டிகை மணல்.
கறுப்புக்கு நடுவே சில தேன்நிறத்தில்.
உள்ளே தோரியம்,
பாதியாக ஆயிரத்து நானூறு கோடி வருஷம் கேட்பது.

குப்பியில் அள்ளி லேபிள் ஒட்டினேன்.
தேதி. நேரம். அளவு.
காலாவதி என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

பத்தரைக்குத் தியேட்டரிலிருந்து போன்:
கருவி கத்தியது, கணு கிடைத்தது,
பரிசோதனைக்கு அனுப்பியாச்சு.
என் படம் வழியைத்தான் சொல்லும்.
கணுவுக்குள் என்ன என்று சொல்லாது.

பதிவேட்டில் தினமும் முதலில்
பின்னணி எண்ணிக்கை எழுத வேண்டும்,
மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிப்பதற்கு.
சின்னவிளையில் அந்த எண் எவ்வளவாக இருக்கும்?
இங்கே எழுதுவதை எழுதினேன்.

இன்று வெள்ளி. பசு வற்றுகிறது.
ரிப்போர்ட் திங்கள்தான்.