பதினோரு விநாடி

மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
அதற்குள் எழுபத்தாறு வயது மனிதரை
மடித்து வைக்க வேண்டும்.
நான் படத்தொகுப்பாளர். மடிப்பது என் வேலை.

லோரான்த் வெசெய் பிறந்தார்: நாற்பது விநாடி.
புடாபெஸ்டில் பசித்திருந்தார்: இரண்டு நிமிடம்
(பசிக்குப் படம் கிடைக்கவில்லை.
பனி விழும் ட்ராம் கம்பிகளைப் போட்டேன்).
மணந்தார். புகழ் வந்தது. தொப்பி மாறியது.
மகள் இல்கா ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாள்:
ஒரே ஒரு புகைப்படம்,
அதிலும் அசைந்துவிட்டிருந்தாள்.

பிறகு அந்தக் குவார்டெட்.
மூன்றாம் பகுதியின் நடுவே
நான்கு வில்லும் தந்தியை விட்டெழுந்து
காற்றில் நிற்கும்.
பதினோரு விநாடி.
அப்புறம் வியோலா மட்டும்,
கதவு வரை போய்த் திரும்பியவள் போல
ஒரே சுரம்.

டாக்டர் ஹெட்விக் கேமரா முன் கண்ணாடியைக் கழற்றினார்.
"அது இல்காவின் இடம்.
தகப்பன் அதில் யாரையும்
உட்காரவிடவில்லை" என்றார்.
இயக்குநர் கெல்லெர்த் 'கட்' சொல்ல மறந்தான்.
ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சியது
பதிவில் இருந்தது.
அதை மட்டும் நீக்கினேன்.

மறுநாள் காஸ்மேர் வந்தார்.
யாரும் அழைக்கவில்லை.
சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு வண்டிகளை
முப்பது வருஷம் எடை போட்டவர்,
நாற்காலியையும் அசைத்துப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார்.

"வெசெய் வீட்டுக்கு எதிரேதான் ஆலை.
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன், சின்னப் பையன்.
ஜன்னல் திறந்திருக்கும், பியானோ ஓடிக்கொண்டிருக்கும்.
இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் நிற்கும்.
ஓய்ந்தால் தொடரும்.
அவ்வளவுதான்.
சங்குக்கு நடுவே யாரால் வாசிக்க முடியும்?"

கெல்லெர்த் என்னைப் பார்த்தான்.
நான் திரையைப் பார்த்தேன்.
வேண்டாத கோப்புகளின் அடுக்கில்
காஸ்மேர் தூங்கப் போனார்.

ஆனால் ஒரு நாடாவை விட்டுப் போயிருந்தார்.
ஆலை மூடிய அன்று யாரோ பதிந்தது.
தூக்கம் வராத இரவில் போட்டேன்.
ஒரு இருமல். ஒரு நாய்.
பிறகு அது அடிவயிற்றிலிருந்து ஏறி,
ஊர் முழுக்க நின்று,
சரிந்து அடங்கியது.
எண்ணினேன். பதினான்கு விநாடி.
கணக்கு உதைத்தது.
ஆனால் அது ஏறி நின்ற இடத்துக்கு
வியோலாவின் சுரத்தை இழுத்துவந்து வைத்தேன்.
ஒட்டிக்கொண்டது,
ஈரக்கையில் பனிக்கட்டி போல.

இல்கா போனது எத்தனை மணிக்கு?
நகராட்சிப் பதிவேட்டின் படத்தைப் பெரிதாக்கினேன்.
பெயர் இருக்கிறது, நோய் இருக்கிறது,
மருத்துவரின் கிறுக்கல் இருக்கிறது.
நேரத்துக்கான கட்டம் காலி.

தொலைக்காட்சி நிலையம் எழுதியது:
எட்டு விநாடிக்கு மேல் ஒலி இல்லையென்றால்
எங்கள் கருவி பழுதென்று நினைத்து மணியடிக்கும்.
ஏதாவது போடுங்கள்.

"காற்று?" என்றான் கெல்லெர்த்.
"தூரத்தில் ஒரு குழந்தை?" என்றார் ஹெட்விக்.
சங்கு என்று நான் சொல்லவில்லை.

வெசெயின் அறையில் படப்பிடிப்பு முடிந்ததும்
எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி
வெறும் அறையை ஒரு நிமிடம் பதிந்திருந்தோம்.
எங்கள் தொழிலில் அது வழக்கம்.
கேட்டால் ஒன்றுமில்லை.
இன்னும் கேட்டால்
காவலாளியின் குளிர்பெட்டி,
பியானோ மேல் ஒரு ஈ,
எதிரே, ஆலை இருந்த இடத்து அங்காடியில்
தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவது.
அதில் பதினோரு விநாடி நறுக்கி
வில்களுக்குக் கீழே விரித்தேன்.
கருவி மணியடிக்கவில்லை.

பசியிலிருந்து பத்தொன்பது விநாடி வெட்டி
காஸ்மேருக்குக் கொடுத்தேன்.
ஹெட்விக் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஊர் மண்டபத்தில் முதல் காட்சி.
தன் முகம் வந்தபோது காஸ்மேர் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்தார்.
நான்கு வில்லும் எழுந்தன.
மண்டபம் மூச்சடக்கியது.
அவர் கைக்கடிகாரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.