ஒன்றரை வீசை

வடக்கு ஒக்கலாப்பாவில் கரண்டு போனால்
முதலில் நிற்பது மின்விசிறி,
அப்புறம் பேச்சு.
நான் உறைபெட்டியிடம் ஓடுவேன்.
ஜெனரேட்டர் இருமிக் கிளம்பும்வரை
அதன் கதவை முதுகால் அழுத்தி நிற்பேன்,
யாரோ திறந்துவிடப் போகிறார்கள் என்பதுபோல.

உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின்
தொப்புள்கொடி இரத்தம்.
இரத்தம்கூட இல்லை. சுழற்றி, சிவப்பு அடியில் படிந்தபின்
மேலே நின்ற வைக்கோல் நிறத் தெளிவு,
குழாய்க்கு அரை ஸ்பூன்.
அதில் என்ன ஓடுகிறது, பிள்ளை என்ன எடை,
இரண்டுக்கும் என்ன உறவு என்பது ஆய்வு.
டாக்டர் கின் மோ துவே தலைமை.
பெயர் வெட்டி எண் ஒட்டுவது நான்.

நாற்பத்தொன்றின் தாய்க்கு
அட்டையில் மா சான் யீ, வீட்டில் சிகப்பி.
லைங்தாயாவில் கோட்டுக்குக் கை தைப்பவள்,
ஒன்பதாம் மாதமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள்.
பிள்ளை நிறைமாதம். நிறை மட்டும்
இரண்டாயிரத்து நானூற்றைம்பது கிராம்.

"கிராம் வேணாம்மா, வீசையில சொல்லுங்க,"
என்றான் புருஷன் அருளாந்து. சுதம்மா சாலையில் பலாட்டாக் கடை.
கணக்குப் போட்டேன். ஒன்றரை.
"கறி வாங்குற மாதிரி" என்று சிரித்தான்.
சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் கேட்டாள்:
"நான் சரியாத் திங்கலையோ?"

என்ன சொல்ல.
உன் சர்க்கரை கதவைத் தாண்டும் சிகப்பி,
உன் இன்சுலின் தாண்டாது.
உள்ளே இருப்பவன் தன் சாவியைத்
தானே வார்த்துக்கொள்ள வேண்டும்.
உன் பயம் வாசல்வரை வரும்,
கார்ட்டிசால் என்று பேர் அதற்கு.
அதில் பெரும்பங்கை அங்கேயே
உடைத்துப் போடுகிறது நஞ்சுக்கொடி.
தடுப்பதற்குப் போய் நஞ்சென்று பெயர் வைத்தோம்.
கிரேக்கத்தில் மெலிவு என்று பொருள்படும் லெப்டின்
கொழுத்த பிள்ளைகளின் குழாயில்தான் கூடுதல்.
பெயர் வைத்தவர்கள் யாரும்
எதையும் தூக்கிப் பார்க்கவில்லை போலும்.

இதில் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.
"நல்லாத்தான் தின்னிருக்கே" என்றேன்.
ஆய்வகத்தில் பொய் சொன்னால் வேலை போகும்,
வார்டில் சொன்னால் பரவாயில்லை.
பொய்தானா என்றும் தெரியாது.

ஜூலையில் புள்ளிகள் வைத்தோம்.
லெப்டின் குறுக்கே, எடை மேலே.
எறும்புகள் சர்க்கரைக்குப் போகிற மாதிரி
மேல்நோக்கி ஒரு கூட்டம்,
நடுவில் டாக்டர் இழுத்த கோடு.
நாற்பத்தொன்று கோட்டுக்குக் கீழே, வெகுதூரத்தில்,
லெப்டின் நிறைய, எடை கொஞ்சம்.
"திரும்பப் பாரு" என்றார். பார்த்தேன்.
அதே எண்.

கோடு எவ்வளவு சொல்கிறது என்று கேட்டேன்.
நூற்றில் பதினாறு, என்றார்,
நல்ல முடிவு என்ற குரலில்.
மிச்சம் எண்பத்து நாலை
பஸ்ஸில் கம்பி பிடித்தபடி யோசித்தேன்.
எனக்கும் இடம் தர யாரும் எழவில்லை,
நான் கர்ப்பிணி அல்ல என்பதால் அது நியாயம்.

மாதம் கழித்து வந்தான் அருளாந்து,
கையில் பலாட்டாப் பொட்டலம்.
கத்தரிக்காய்க்காரி தராசில் லுங்கி விரித்து
வைத்துப் பார்த்தார்களாம்.
விரலால் இரண்டு காட்டினான்.
"இரண்டு வீசையா!" என்றேன்.
பதறிப்போய் வாயைப் பொத்தச் சொன்னான்:
"எடையை உரக்கச் சொல்லாதீங்க, கண்ணு படும்."

பிறந்த அன்றைக்குத்தான் அட்டவணையில் கட்டம்,
அதற்கப்புறம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், இரண்டு என்று,
யாருக்கும் கேட்காதபடி.
எழுதி முடிக்கையில் கரண்டு போயிற்று.