இருபத்தைந்து பிரதி

செக்காலை ரோட்டில் என் அச்சுக்கடை.
கல்யாணப் பை, காதுகுத்துப் பை,
தேர்தல் வந்தால் பனியன்.

உமையாள் கொண்டுவந்தது ஒரு முகம்:
கானாடுகாத்தான் விலக்கு பெட்ரோல் பங்கில்
குழாய் பிடிக்கும் அடைக்கலமேரி.
நாலு நிறம், நாலு சட்டம்.
கன்னத்துக்கு ரோஸ், முடிக்கு நீலம்,
தொப்பிக்கு எலுமிச்சை மஞ்சள்.
கறுப்பு கடைசியில் விழுந்தபோதுதான்
அவள் என்னைப் பார்த்தாள்.

ஒன்பதாவதில் உதடு ஒரு நூல் விலகியது.
கிழிக்கச் சொன்னாள் உமையாள்.
கிழித்தேன், வாயை விட்டுவிட்டு.

இருபத்தைந்துக்கும் பென்சிலால் எண், கையெழுத்து.
ஒன்று நாற்பதாயிரமாம்.
மேரிக்கு ஒன்று உண்டா என்றேன்.
"ஆயிரம் ரூபாய் கொடுத்தாச்சே."

பிறகு, கண்முன்னால் சட்டங்களைக் கழுவணும்.
அதுதான் ஒப்பந்தம்.
தண்ணீர் அடித்தேன்.
ரோஸ் போனது, நீலம் போனது,
சாக்கடை வரை நுரைத்துப் போனது முகம்.
கறுப்புச் சட்டத்தில் மட்டும்
கறை மாதிரி ஒரு கண்.
உமையாளின் கார் அதற்குள் பள்ளத்தூர் தாண்டியிருக்கும்.

மறுநாள் அதே வலையில்
தேவகோட்டைக் கல்யாணம், அறுநூறு பை.
வெயிலில் தூக்கிப் பிடித்தால்
மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவே
அவள் பார்க்கிறாள்.
பையில் விழவில்லை.
அறுநூறையும் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை வண்டிக்கு நூறு ரூபாய்க்குப் போட்டேன்.
தொப்பி சிவப்பு. முடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது,
நான் நீலம் அடித்த இடத்தில்.
"ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்றாள்
மீட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

பார்த்தேன்.