சுட்டவர் பெயர்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
சுட்டவர் பெயர்.
காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
பதினோரு வருஷமாய்
அடுத்தவர் சொன்னதை, அவர் சொன்னபடி எழுதாதவள்.

நடந்தது இவ்வளவுதான்.
துறைமுகத்தில் சுருக்குமடித் தகராறு, பந்தோபஸ்து.
விடியற்காலை ஐந்து பத்து.
ஏட்டு கலியவரதன் ஜீப்புக்கு டீ கொண்டுபோகிறார்,
இந்தக் கையில் இரண்டு கிளாஸ், அந்தக் கையில் இரண்டு.
குறுக்கே கிடந்த வலைக்கயிற்றைத் தாண்டி
எட்டி ஒரு கால் வைத்திருக்கிறார்.
இடுப்பில், உறைக்குள், பட்டன் போட்டபடி இருந்தது
வெடித்தது.

கெண்டைக்கால் சதையில் நுழைந்து வெளியேறி
பாக்கியவதியின் ஐஸ்பெட்டியைத் துளைத்து
கானாங்கெளுத்திகளுக்கு நடுவே
படுத்துக்கொண்டது தோட்டா.
அதைத் தேட முப்பது கிலோவையும் தார்ப்பாயில் கொட்டினோம்.
மீனுக்கு இன்னும் பணம் தரவில்லை.
அது வேறு மனு.

பாக்கியவதி வாக்குமூலம்:
"அந்தாளு கையில டீ இருந்திச்சும்மா,
நாலு கிளாஸு.
ரெண்டு கையையும் நான் பாத்தேன்.
சுட்டுச்சுன்னா டீதான் சுட்டிருக்கணும்."

கடைசி வரியை அடிக்கச் சொன்னார்கள்.
அடித்தேன்.

விசாரணைக்கு விழுப்புரத்திலிருந்து வந்தவர்
நல்ல மனிதர், குரலே உயர்த்தவில்லை.
விரல் எங்கே இருந்தது என்று மூன்று முறை கேட்டார்.
கலியவரதன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
பத்தையும் விரித்துக் காட்டினார்.
டீ கொட்டிக் கொப்பளித்திருந்தது.
"கவனக்குறைவுன்னு எழுதிக்கம்மா."
யாருடைய என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஆர்மரர் ஞானசிகாமணியின் ரிஜிஸ்டரில்
மார்ச் மாதக் குறிப்பு ஒன்று இருக்கிறது, பச்சை மையில்:
தட்டினாலே, விசையைத் தொடாமலே அடிக்கிறது.
மூன்றில் பார்த்தேன்.
மீதியையும் பிரித்துப் பார்க்க அனுமதி வேண்டும்.
அதன் கீழே
சிவப்பு மையில் ஒரு வார்த்தை: பார்த்தேன்.
எங்கள் இலாகாவில் அதற்குப் பிறகு
யாரும் எதையும் பார்ப்பதில்லை.

தன்வினை, பிறவினை படித்திருக்கிறேன்.
உருண்டான், உருட்டினான்.
பருத்தி வெடிக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்கும்,
சித்திரையில் ஏரி வெடிக்கும்.
ஆள் யார் என்று எவரும் கேட்பதில்லை.
இதற்கு மட்டும் ஓர் ஆள் தேவைப்படுகிறது.
ஆள் கலியவரதன்,
ஓய்வுக்கு இரண்டு வருஷம், மொபெட்டுக்கு ஆறு தவணை பாக்கி.

நேற்று எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.
அதே பெட்டியில் வந்தது, நம்பர் மட்டும் நாலு தள்ளி.
ராத்திரி டூட்டி.
குண்டைக் கழற்றி வைக்கக் கூடாதென்று உத்தரவு.
டிராயரில் வைத்தால் வாய் லாக்கப்பைப் பார்க்கிறது;
உள்ளே ஒரு சைக்கிள் திருடன், நல்ல குறட்டை.
திருப்பினேன். வாசலில் பாரா நிற்கிற பையன்,
போன மாதம்தான் கல்யாணம்.
இன்னும் திருப்பினேன்.
சுவருக்கு அந்தண்டை ரோடு,
ரயிலுக்குப் போகிறவர்கள், நண்டுக்கூடைகள்.
கீழே என்றால் என் கால்.
மேலே மாடியில் ரெஸ்ட் ரூம், நாலு பேர்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது.

கடைசியில் தீயணைப்பு வாளி மணலில்
தலைகீழாகச் செருகி வைத்தேன்.
விதியில் இல்லை.

பிறகு பேனாவைத் திறந்து
ஏழாவது கட்டத்தில்
அதன் உடம்பில் பொறித்திருந்த ஆறு இலக்கத்தை எழுதினேன்,
கலியவரதனுடையதை, பிழையில்லாமல்.
காலையில் கிழித்துப் போடுவார்கள்.
வேறு படிவம் தருவார்கள், கட்டம் அதேதான் இருக்கும்.

விடியும்வரை
வாளியைவிட்டுத் தள்ளி நாற்காலியைப் போட்டு,
இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்தபடி
உட்கார்ந்திருந்தேன்.
பாராப் பையன் டீ வேண்டுமா என்றான்.
வேண்டாம் என்றேன்.